தோள் ஆறும் காலத்தில் தட்டு இளைக்கக் கூடாது

பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில், தோள் வலிக்காரர் ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. ஊரைச் சுற்றிச் செம்பனை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் தோட்டம் 1917-இல் உருவானது இந்த வட்டாரத்தில்தான். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் குலை வெட்டுவது பெரும்பாலும் மனிதக் கையால் நடக்கிற வேலையாகவே இருக்கிறது. மரம் குட்டையாக இருக்கும்வரை உளி போதும். வளர்ந்துவிட்டால் நீளக் கம்பின் முனையில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கொண்டுபோய் இழுக்க வேண்டும். விழும் குலை 10 கிலோவும் இருக்கும், 25 கிலோவும் இருக்கும். அதையும் தூக்கித் தள்ளுவண்டியில் போட வேண்டும். இப்படியே இருபது, முப்பது வருடம் உழைத்த தோள்கள்தாம் இன்று அறுபது வயதில் சட்டை மாட்ட முடியாமல் தவிக்கின்றன. தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன பிள்ளைகளுக்கு மோட்டார் விபத்து. சறுக்கி விழும்போது கையை ஊன்றினால் தோள் மூட்டு நழுவும், காறை எலும்பு முறியும்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள், கையைத் தாங்கும் பட்டையான ஸ்லிங் மாட்டுகிறார்கள், பிசியோவுக்குத் தேதி கொடுக்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் "நல்லா சாப்பிடுங்க" என்பதோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் நடப்பது வேறு. வேலைக்குப் போகவில்லையே என்று காயம்பட்டவரே சாப்பாட்டைக் குறைக்கிறார். புண் ஆறட்டும் என்று வீட்டார் பத்தியம் வைக்கிறார்கள். வலது கையைத் தூக்க முடியாததால், பிசைந்து விழுங்க எளிதானது மட்டும் தட்டில் மிஞ்சுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து, உடம்புக்குப் புரதம் மிக அதிகமாகத் தேவைப்படும் வாரங்களில் அதை மிகக் குறைவாகக் கொடுக்கின்றன. தோள் காயமும் சாப்பாடும் என்றால் எனக்கு முதலில் கவலை தருவது இதுதான்.

தோளுக்குள் என்ன நடக்கிறது

தோள் மூட்டு உடம்பிலேயே அதிகம் சுழலக்கூடிய மூட்டு. அதனாலேயே எளிதில் நிலைகுலையும். மேல்கை எலும்பின் உருண்டையான தலையை அதன் ஆழமில்லாத குழியில் பிடித்து நிறுத்துபவை நான்கு சிறிய தசைகள். இவற்றின் தசைநாண்கள் ஒன்றுசேர்ந்து உறைபோல எலும்பின் தலையைப் போர்த்தியிருக்கும். கையைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி வேலை செய்பவர்களுக்கு முதலில் நைந்துபோவது மேல்பக்கத்துத் தசைநாண். எலும்போடு அது ஒட்டும் இடத்துக்கு அருகே ரத்த ஓட்டம் குறைவு. ஆறுவதற்கு வேண்டிய பொருள்கள் ரத்தத்தில்தானே வர வேண்டும்? அதனால்தான் தோள் தசைநாண் கிழிந்தால், கையில் வெட்டுப்பட்ட தோல் ஆறுவதுபோல ஒரு வாரத்தில் வேலை முடிவதில்லை.

முதல் சில நாள்கள் வீக்கமும் வலியும். அந்த வீக்கம் உடம்பின் துப்புரவுப் பணி. அதன் பிறகு ஏறக்குறைய ஆறு வாரம் வரை அவசர அவசரமாக ஒரு தற்காலிக இழை நெய்யப்படுகிறது. அப்புறம் பல மாதங்களுக்கு அந்த இழை மெல்ல மெல்லக் கெட்டியான, ஒரே திசையில் அடுக்கிய கொலாஜன் இழையாக மாற்றப்படுகிறது. பெரிய கிழிசலுக்கு அறுவை சிகிச்சை செய்தவர்களை நான்கு முதல் ஆறு வாரம் ஸ்லிங்கில் வைத்திருப்பதும், பழைய பலம் திரும்ப ஆறு மாதம், ஒரு வருடம் என்று சொல்வதும் இந்தக் கணக்கில்தான்.

கொலாஜன் என்பது புரதம். அதைக் கட்ட அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றை முறுக்கிப் பிணைக்க வைட்டமின் சி வேண்டும். தோளுக்கு வேண்டிய சத்தில் பெரும்பகுதி இவ்வளவுதான். வெளிநாட்டுப் பொடியோ மாத்திரையோ தேவைப்படாமல், சந்தையிலும் வீட்டு வேலியோரத்திலும் கிடைப்பதை வைத்தே இதைக் கொடுத்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு இழப்பும் உண்டு. அசையாமல் கட்டி வைத்த கையின் தசை உடனே கரையத் தொடங்கும். கட்டுப்போட்ட கால்களில் அளந்து பார்த்த ஆய்வுகள் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை விழுக்காடு தசை குறைவதாகக் காட்டியிருக்கின்றன. ஸ்லிங் கழற்றும் நாளில் ஒரு தோள் மட்டும் எலும்பு தெரிய மெலிந்திருப்பதைப் பார்த்துப் பல பேர் பயந்துபோகிறார்கள். அசையாமல் இருக்கும் தசை, சாப்பிட்ட புரதத்தை வழக்கம்போல எடுத்துக்கொள்வதில்லை; அதன் வாய் மந்தமாகிவிடுகிறது. வயதானவர்களுக்கு இந்த மந்தம் இன்னும் அதிகம். அதனால்தான் ஒவ்வொரு வேளையும் 20 முதல் 30 கிராம் புரதமாவது இருக்கட்டும் என்று சத்துணவு நிபுணர்கள் சொல்கிறார்கள். மத்தியானம் ஒரு வேளை மட்டும் மீனும் கறியும் வைத்துவிட்டு, காலையில் தேநீரும் பிஸ்கட்டும், இரவில் ரசமும் சோறும் என்றால் கணக்கு உதைக்கும்.

பத்தியம்

எங்கள் வீட்டு வரிசையில் ஒரு மாமா. தோள் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த வாரத்தில் பார்க்கப் போனேன். பெரிய எவர்சில்வர் தட்டு. நடுவில் குவித்த சோறு, அது நனையத் தண்ணியாக ரசம், ஓரத்தில் இரண்டு கரண்டி முட்டைக்கோஸ் பொரியல், சுட்ட அப்பளம் ஒன்று. முட்டை ஏதும் இல்லையா அத்தை என்று கேட்டேன். "தையல் போட்டிருக்காங்கய்யா, முட்டை குடுத்தா சீழ் வைக்கும். மீனும் வேணாம், கோழியும் வேணாம், பிரிக்கட்டும் அப்புறம் பாக்கலாம்" என்றார். அவர் குரலில் இருந்தது முழுக்க முழுக்க அக்கறை. அடுப்படியில் நின்று, மிளகு தட்டி, தனியாக ரசம் வைத்துக் கொடுக்கிறவர் வேறு எந்த எண்ணத்தில் அதைச் செய்வார்?

இந்தப் பத்தியப் பட்டியல் நம் வீடுகளுக்கு மட்டும் உரியதல்ல. மலாய்க்காரர்களின் பத்தியமான பந்தாங்கிலும் இறாலும் சில மீன்களும் "பீசா", அதாவது நஞ்சு, என்று விலக்கப்படும். சீனர் வீடுகளில் தழும்பு கறுத்துப்போகும் என்று கறுப்பு சோயா சாற்றை ஒதுக்குவார்கள். ஒரே தெருவில் மூன்று இனமும் வாழ்வதால் ஒருவர் பட்டியல் இன்னொருவர் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. கடைசியில் கத்தரிக்காய், கருவாடு, இறால் என்று தொடங்கிய விலக்கு முட்டை, கோழி, மீன் வரை நீள்கிறது. அதற்கு மேல் தட்டில் வைக்க என்ன மிச்சம்?

முட்டையும் கோழியும் மீனும் தையலில் சீழ் வைக்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. சீழ் வைப்பது கிருமி. கட்டு நனைவது, கையைக் கழுவாமல் தொடுவது, ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடப்பது, உடம்பில் புரதம் குறைவது, இவைதாம் அந்தக் கிருமிக்கு வழிவிடுகின்றன. ஆக, சீழுக்குப் பயந்து முட்டையை நிறுத்துவது சீழுக்கு உதவுவதில் போய் முடிகிறது. சரி, இறால் சாப்பிட்டால் உண்மையாகவே உடம்பு தடித்து அரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒவ்வாமை, அவர்கள் என்றைக்குமே இறாலைத் தொடக் கூடாது. மற்றவர்களுக்கு அந்த விலக்கு தேவையில்லை.

பத்தியம் முழுவதையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. எண்ணெயில் பொரித்ததைக் குறைப்பது, சூடாகச் சமைத்து உடனே கொடுப்பது, பூண்டும் மிளகும் மஞ்சளும் சேர்ப்பது, நேரத்துக்குச் சாப்பிடவைப்பது, எல்லாம் நல்ல பழக்கங்கள். அந்த மிளகு ரசத்திலேயே கோழித்துண்டைப் போட்டு வேகவைத்துவிட்டால் அத்தையின் பத்தியமும் நிற்கும், மாமாவின் தோளுக்கும் வேண்டியது போகும். விலக்கியே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதமாக இருக்கும் வீட்டில் சண்டை போடுவதைவிட, அவர்கள் பட்டியலில் இல்லாத புரதம் எது என்று தேடுவது பலன் தரும். பயறு, சோயாவில் செய்யும் தவ்ஹு, தெம்பே, பால், தயிர். இவற்றை எதிர்ப்பவர்களை நான் பார்த்ததில்லை.

எவ்வளவு வேண்டும், எதிலிருந்து

காயம் ஆறும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 65 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 80 முதல் 100 கிராம். மேலே சொன்ன ரசச் சோற்றுத் தட்டில் இருப்பது 12, 13 கிராம்தான். காலையில் நாலு இட்லி, இரவில் மறுபடியும் ரசச் சோறு என்று கூட்டினாலும் நாள் முழுவதற்கும் 40 கிராமைத் தொடுவதே கஷ்டம். பாதிகூட இல்லை.

இப்போது அதே வீட்டில், அதே அடுப்பில் வேறு மாதிரி யோசித்துப் பார்க்கலாம். காலையில் தோசையோடு இரண்டு அவித்த முட்டை, கெட்டியான சாம்பார். ஒரு முட்டையில் 6 கிராம், ஆக அந்த வேளைக்கே 17, 18 வந்துவிடும். மத்தியானம் நடுத்தர அளவில் இரண்டு கெம்போங் மீன். முள்ளும் தலையும் போகச் சதை மட்டும் 150 கிராம் என்றால் 30 கிராம் புரதம். கூடவே பருப்புக் கூட்டு. சாயங்காலம் ஒரு கைப்பிடி வேகவைத்த கொண்டைக்கடலையோ நிலக்கடலையோ, 7, 8 கிராம். இரவு உள்ளங்கை அளவு கோழிச் சதை, 25 கிராமுக்கு மேல். படுக்கும் முன் ஒரு குவளை பால், 6, 7 கிராம். கூட்டினால் 90-ஐத் தாண்டும். இதில் பணக்காரச் சாப்பாடு எதுவும் இல்லை. கெம்போங் நம் மீன் கடைகளில் எப்போதும் கிடைக்கிற மீன். அதில் ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. சால்மன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

கோலா சிலாங்கூர் மாவட்டத்துக்கென்று ஒரு வசதியும் இருக்கிறது. இங்கே ஜாவா வம்சாவளி மலாய்க் கம்பங்கள், அதாவது சிற்றூர்கள், நிறைய. அதனால் தெம்பே நன்றாகக் கிடைக்கும். சோயா பயறைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய அதில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 19 கிராம் புரதம். வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி முழுக்கச் சைவம் என்று இருக்கும் வீடுகளுக்கு இதைவிடத் தோதான பொருள் எனக்குத் தெரியவில்லை. மெல்லிசாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் தடவி, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுட்டெடுத்தாலே போதும். சம்பாலில் புரட்டினால் பிள்ளைகளும் பங்குக்கு வருவார்கள். விரதம் இருப்பவர்கள், ஒருவேளை மட்டும் சாப்பிடும் விரதத்தைக் காயம் ஆறும்வரை தள்ளிவைக்கலாம்; சைவமாகச் சாப்பிடுவதில் குறை வராது, பட்டினி கிடந்தால்தான் தோள் ஆறுவது தள்ளிப்போகும்.

நெத்திலியையும் சார்டின் டின்னையும் மறக்க வேண்டாம். எலும்போடு சாப்பிடுவதால் இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். காறை எலும்பு முறிந்தவர்களுக்கு அது முக்கியம். நெத்திலியைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டுச் சமைக்க வேண்டும். எலும்புக்கு வேண்டிய இன்னொன்று வைட்டமின் டி. மலேசிய இந்தியப் பெண்களிடம் அது பரவலாகக் குறைவாகவே காணப்படுகிறது. வெளிக்காட்டில் வேலை செய்தவரும் மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்தால் வெயில் குறையும். காலை வெயிலில் வாசலில் உட்கார்ந்து அந்த அவித்த முட்டையைச் சாப்பிடலாமே.

இனி ஹாருவான். நாம் விரால் என்று சொல்லும் மீன். தஞ்சோங் காராங் நெல்வயல் பக்கத்து வாய்க்கால்களில் இருக்கும் இந்த மீன், பிரசவமானவர்களுக்கும் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்பது இந்த நாட்டில் எல்லா இனத்தவரும் ஒத்துக்கொள்ளும் வழக்கம். மலேசியப் பல்கலைக்கழகங்களும் இதை ஆராய்ந்திருக்கின்றன. தோல் காயம் ஆறுவதற்குச் சாதகமான முடிவுகள் சில வந்திருக்கின்றன. கிழிந்த தோள் தசைநாணை அது ஒட்டவைக்கும் என்று சொல்ல அவை போதாது. நல்ல புரதமுள்ள, எளிதில் செரிக்கும் மீன் என்ற அளவில் தாராளமாகச் சாப்பிடலாம். புட்டியில் அடைத்த விலை உயர்ந்த சாற்றுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, மீதி நாள் முழுக்க ரசம் குடிப்பதில்தான் அர்த்தமில்லை.

ஆட்டுக்கால் சூப்பும் கோழிக்கால் சூப்பும் இதே கதைதான். எலும்பு சூப்பில் சுண்ணாம்பு நிறைய இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் மிகக் கொஞ்சமே இறங்குகிறது. ஆனால் ஆறினால் கட்டியாக உறையும் அந்தப் பசை, ஜெலட்டின். 2017-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 15 கிராம் ஜெலட்டினை வைட்டமின் சியோடு எடுத்து ஒரு மணி நேரம் கழித்து உடற்பயிற்சி செய்தவர்களின் ரத்தத்தில், கொலாஜன் உருவாவதைக் காட்டும் அடையாளம் இரு மடங்கானது. அவர்கள் எட்டே பேர், எல்லாரும் ஆரோக்கியமான இளைஞர்கள். இதை வைத்துப் பெரிய வாக்குறுதி எதுவும் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் பிசியோவுக்குப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, எலுமிச்சை பிழிந்து ஒரு கிண்ணம் சூப் குடிப்பதில் நட்டமில்லை. வைட்டமின் சிக்குக் கொய்யா மிக நல்லது. அரைக் கொய்யாவே ஒரு நாளுக்குப் போதும். பப்பாளியும் நல்லது.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கச் சொல்வேன். நம் ஊரில் தோள் வலிக்காரர்களில் பாதிப் பேருக்காவது இது பொருந்தும் என்பது என் எண்ணம். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு, எல்லா இனங்களையும்விட அதிகம்.

சர்க்கரைக்கும் தோளுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அடிபடாமலே தோள் இறுகி, கையைப் பின்னால் கொண்டுபோக முடியாமல், இரவில் புரண்டு படுக்க முடியாமல் செய்யும் உறைதோள் நோய் நீரிழிவு உள்ளவர்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது. வந்தால் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று இழுக்கும். ரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் ஏறியிருந்தால் அது கொலாஜன் இழைகளோடு ஒட்டி அவற்றை விறைக்கச் செய்வது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தையல் ஆறுவதும் தாமதமாகும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் அவசரமில்லாத அறுவை சிகிச்சையை மருத்துவர்கள் தள்ளிவைப்பதும் உண்டு.

தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: அடுத்த சில நாள்களுக்குச் சர்க்கரை ஏறும். அந்த வாரத்தில் வீட்டில் அடிக்கடி சோதித்துப் பார்ப்பதும், ஊசி போடுமுன் மருத்துவரிடம் இனிப்பு நீர் இருப்பதைச் சொல்வதும் அவசியம். அதே வாரத்தில்தான் பார்க்க வருகிறவர்கள் மைலோ டின்னும் பிஸ்கட்டும் சத்து பானமும் வாங்கி வருவார்கள். பலவீனமாக இருக்கிறாரே, கலக்கிக் கொடு என்பார்கள். கெட்டிப்பால் ஊற்றிக் கலக்கிய மைலோவில் புரதம் கொஞ்சம், சர்க்கரை ஏராளம். பால்மாவில் இனிப்பில்லாமல் கலக்கியது மேல். வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முட்டை ஒரு தட்டு வாங்கிப் போங்கள்.

சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செபாரோ" இங்கே கைகொடுக்கும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பயறோ, அரைப் பங்கு காய்கறியும் பழமும். நம் தட்டில் நடப்பது முக்கால் பங்கு சோறு. காயம்பட்டவரின் தட்டில் அந்தப் புரதக் கால் பங்கு நிறைந்தே இருக்க வேண்டும்; சோற்றைக் குறைத்து அந்த இடத்தைக் கங்குங் கீரைக்கும் முருங்கைக் கீரைக்கும் கொடுக்கலாம். ஆனால் இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்களும் திடீரென்று சோற்றை வெட்டிவிடக் கூடாது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கித் தலைசுற்றும். ஏற்கெனவே ஒரு தோள் போனவர் மறுபடி விழுந்தால் என்ன ஆகும்?

அடுத்தது சிறுநீரகம். பல வருட இனிப்பு நீர் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மேலே சொன்ன புரதக் கணக்கு பொருந்தாது. கூடுதல் புரதம் கெடுதலாகவே முடியலாம். டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கணக்கு மறுபடியும் வேறு. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு எத்தனை கிராம் புரதம் என்று மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டுவிடுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் இதற்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்) செலவு.

ஒரு கையால் சாப்பிடுவது

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் தட்டில் என்ன இருக்கும் என்பதைப் பத்தியத்தைவிட இதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. கையால் பிசைந்து சாப்பிட்டுப் பழகியவருக்கு வலது கை ஸ்லிங்கில். இடது கையால் சாப்பிடக் கூச்சம். கரண்டியால் சாப்பிட்டால் சோறும் குழம்பும் இறங்கும், மீன் இறங்காது. கெம்போங் மீனின் முள்ளை ஒரு கையால், அதுவும் இடது கையால் எடுத்துப் பாருங்கள். இரண்டு வாய்க்குள் தொண்டையில் முள் குத்தும் பயம் வந்துவிடும். "மீன் வேணாம், குழம்பு மட்டும் ஊத்து" என்று சொல்பவர் பெரும்பாலும் மீன் பிடிக்காமல் சொல்வதில்லை.

ஊட்டிவிட யாராவது முன்வந்தாலும் ஆண்கள் பலர் ஒத்துக்கொள்வதில்லை. அடுப்படியிலேயே முள்ளெடுத்துச் சதையை உதிர்த்து, புட்டுபோலத் தாளித்துத் தட்டில் வைத்துவிட்டால் கேள்வியே எழாது. கோழியையும் எலும்பு நீக்கிச் சிறு துண்டுகளாக. டின் சார்டினை வெங்காயத்தோடு வதக்கினால் கரண்டிக்கு வாகாக இருக்கும். முட்டையைப் பொடிமாஸ் செய்யலாம். கெட்டிப் பருப்பு, தயிர், கொத்துக்கறி எல்லாம் ஒரு கைச் சாப்பாடுதான். தட்டு மேசையில் வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி விரிக்கலாம். தட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் குனிந்து தோளை இழுக்க வேண்டியிருக்காது. காயம்பட்டவரே சமைக்கிற வீட்டில், அதாவது அடிபட்டவர் அம்மாவாக இருக்கும் வீட்டில், நிலைமை இன்னும் மோசம். எல்லாருக்கும் ஒரு கையால் சமைத்துவிட்டுக் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடுவார். குழம்புச் சட்டியைத் தூக்கி இறக்குவதுதான் தையலுக்கு மிக ஆபத்தான வேலை. அந்த ஆறு வாரமாவது சட்டியைத் தூக்க ஓர் ஆள் வீட்டில் இருக்க வேண்டும்.

வலி மாத்திரைகள் சில மலச்சிக்கலைக் கொண்டுவரும். கீரை, பழம், தண்ணீர் கூட்டினால் சமாளிக்கலாம். வீக்கத்துக்கான மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புண்ணாகும். சிகரெட் தசைநாண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதில் சந்தேகமே இல்லை. வலியை மறக்கக் குடிப்பவர்களுக்கும் அதே நிலைதான். சாப்பிட்ட புரதம் தசையாவதை மது தடுக்கிறது.

இரவுச் சந்தையில், மூட்டு வலிக்கும் தோள் வலிக்கும் ஒரே வாரத்தில் நிவாரணம் என்று விற்கும் காப்பித்தூளையும் ஜாமு எனும் மூலிகை மாத்திரையையும் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவில்லாத இப்படிப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி குறைவது உண்மைதான். குறைக்கிற அந்த மருந்தே சர்க்கரையை ஏற்றி, எலும்பை அரித்து, தசையைக் கரைத்துவிடும். பெட்டியில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

பணக் கவலையும் தட்டைச் சுருக்குகிறது. வேலையிடத்திலோ வேலைக்குப் போகும் வழியிலோ அடிபட்டவர்களுக்கு, நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. (மருத்துவ விடுப்பு) இருந்தால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோ தற்காலிக ஊனத் தொகையாகச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கொடுக்கிறது. மோட்டாரில் வேலைக்குப் போகும்போது விழுந்ததும் இதில் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது. விண்ணப்பம் போடாமல் இருந்துவிட்டு, வீட்டில் முட்டையைக் குறைக்கிறார்கள். எம்.சி. தாளைப் பத்திரமாக வைத்து, முதலாளியிடம் உடனே தெரிவித்து, விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

ஸ்லிங் கழற்றியதும் வீட்டில் ஒரு நிம்மதி வரும். பத்தியம் முடிந்தது, இனி எல்லாரையும்போலச் சாப்பிடட்டும் என்று கவனிப்பு குறையும். தோளைப் பொறுத்தவரை பாதி வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. அதுவரை இழையைக் காப்பாற்றத்தான் முடிந்தது. கரைந்த தசையைத் திரும்பக் கட்டுவது பிசியோவும் புரதமும் சேர்ந்து அடுத்த மூன்று, நான்கு மாதங்களில் செய்ய வேண்டியது. பயிற்சி இல்லாமல் சாப்பிட்டால் வயிறுதான் போடும். சாப்பிடாமல் பயிற்சி செய்தால் தோள் நோகுமே தவிரத் தேறாது. ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்யும் நாள்களில், அது முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஒரு நல்ல வேளைச் சாப்பாடு வருமாறு நேரத்தை அமைத்துக்கொள்ளலாம். காலையில் கிளினிக்குக்குப் போகிறவர் திரும்பும் வழியில் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் மட்டும் சாப்பிட்டு வந்தால் அந்த வேளை வீணாகிறது. ரொட்டியோடு இரண்டு அரைவேக்காட்டு முட்டையும் கெட்டிப் பருப்பும் கேட்டு வாங்கி, தேநீரைச் சீனி போடாமல் "கோசோங்" சொல்லிக் குடிக்கலாம்.